49 ஓட்டு: ராதாபுரம் 2016-ல் என்ன நடந்தது, எண்ணும் மேசையில் எதைப் பார்க்கணும்?

நம்பியாற்றுக்கரை
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எங்க பக்கத்துப் பையங்க நாலஞ்சு பேர் முதல் தடவையா வாக்கு எண்ணிக்கை முகவரா உட்காரப் போறாங்க. ராதாபுரத்தைப் பத்திக் கேட்டா "49 ஓட்டுல போச்சு"ன்னு சொல்லி அதோட நிறுத்திக்கிடுதாங்க. எந்தத் தாளுல, எந்தக் கட்டத்துல சிக்கல் வந்ததுன்னு ஒருத்தருக்கும் தெரியலை. தெரிஞ்சவங்க விவரமாச் சொன்னா அச்செடுத்து அவங்க கையில கொடுத்திருவேன். அங்கே அந்த 49 ஓட்டுல தோத்த அப்பாவு அவர்களோட தேர்தல் கணக்கையும் யாராவது முதல்ல இருந்து எழுதுங்க.

திசையன்விளைக்காரன்
தேர்தல் கணக்கை நான் சொல்லுதேன்.

மு. அப்பாவு ராதாபுரத்தில் முதலில் ஜெயித்தது 1996-ல், தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில். 2001-ல் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். 2006-ல் திமுக. ஒரே தொகுதியில் தொடர்ந்து மூன்று தடவை, மூன்று தடவையும் வேறு வேறு சின்னம். 2011-ல் திமுக கூட்டணியில் தொகுதி காங்கிரசுக்குப் போனது, தேமுதிகவின் மைக்கேல் ராயப்பன் ஜெயித்தார். 2016-ல் மறுபடி அப்பாவு நின்றார். அதிமுகவின் ஐ.எஸ். இன்பதுரைக்கு 69,590, அப்பாவுக்கு 69,541. அதுதான் அந்த 49. 2021-ல் அதே இரண்டு பேர் மோதினார்கள். அப்பாவு 82,331, இன்பதுரை 76,406. அந்த ஆண்டு மே 12-ல் பேரவைத் தலைவரானார். இன்பதுரை 2025-ல் மாநிலங்களவைக்குப் போனார்.

இதில் 2001-ஐ லேசாகக் கடந்துவிடக் கூடாது. அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு வேட்புமனுவில் ஒரே ஒரு முன்மொழிபவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். பத்தில் ஒருத்தருடைய பாகம் எண், வரிசை எண் தப்பாக இருந்தால் பரிசீலனை நாளில் தலைவலிதான். சின்னமும் மனு வாபஸ் நேரம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். அதற்கப்புறம் இரண்டு வாரம் சொச்சத்தில் உவரியிலிருந்து பணகுடி வரைக்கும் அந்தப் புதுச் சின்னத்தைக் கொண்டு சேர்க்கணும். அப்படி நின்று ஜெயிப்பது ஆளைப் பார்த்து விழும் ஓட்டு. ராதாபுரம் கால்வாய்த் தண்ணீர் கடைமடைக்கு வருமா வராதா என்பதைக் கேட்டு ஓட்டுப் போடும் ஊர் இது.

பாளை குமாஸ்தா
வழக்கு விவரத்தை நான் எழுதுகிறேன்.

2016 எண்ணிக்கையில் 203 தபால் ஓட்டு செல்லாது என்று ஒதுக்கப்பட்டது. காரணம் ஒன்றே ஒன்று, உறுதிமொழியில் சான்றொப்பம் போட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள். தேர்தல் பணியில் இருக்கும் ஊழியர் தபால் ஓட்டோடு அனுப்பும் படிவம் 13ஏ உறுதிமொழியில் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியோ, அவர் பணிபுரியும் வாக்குச்சாவடியின் தலைமை அலுவலரோ கையெழுத்திடலாம் என்பது விதி. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அந்தத் தகுதிக்குள் வருவாரா மாட்டாரா என்பதுதான் கேள்வியே. வரமாட்டார் என்று தேர்தல் நடத்தும் அலுவலர் முடிவெடுத்தார். அப்பாவு போட்ட தேர்தல் மனுவில், வருவார் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 அக்டோபர் 1-ல் தீர்ப்புச் சொன்னது. தபால் ஓட்டுகளையும் 19, 20, 21 ஆகிய மூன்று சுற்று இயந்திர ஓட்டுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. அக்டோபர் 4-ல் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். அதே நாளில் உச்ச நீதிமன்றம் முடிவை அறிவிக்கத் தடை போட்டது. தடை நீடித்தது, முடிவு வெளியே வராமலே 2021 தேர்தல் வந்துவிட்டது.

தேர்தல் மனுவை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 86-ஆம் பிரிவே சொல்கிறது. ராதாபுரத்தில் மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. நீதிமன்றத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சாட்சி, ஆவணம், குறுக்கு விசாரணை எல்லாம் நடந்தாகணும். அதனால்தான் சொல்கிறேன், எண்ணும் மண்டபத்திலேயே பிடிக்க வேண்டியதை அங்கேயே பிடிக்கணும்.

வள்ளியூர் வாத்தியார்
தபால் உறையைப் பத்தி நான் விளக்கமா எழுதுதேன். முகவர்களில் பாதிப்பேர் உறையைப் பார்த்ததே இல்லை.

மொத்தம் மூணு பொருள். பெரிய உறை 13சி. அதுக்குள்ளே தனித்தாளாக 13ஏ உறுதிமொழி, கூடவே ஒட்டின சின்ன உறை 13பி. ஓட்டுச்சீட்டு அந்தச் சின்ன உறைக்குள்ளே இருக்கும். சின்ன உறையின் மேலே ஓட்டுச்சீட்டின் வரிசை எண் எழுதியிருக்கும், 13ஏ-யிலும் அதே எண் எழுதியிருக்கணும்.

மேசையில் முதலில் பெரிய உறையை மட்டும் வெட்டுவாங்க. உள்ளே 13ஏ இருக்கா, வாக்காளர் கையெழுத்து இருக்கா, சான்றொப்பம் இருக்கா, 13ஏ-யிலுள்ள எண்ணும் சின்ன உறை மேலே உள்ள எண்ணும் ஒண்ணா, இத்தனையும் பார்த்துச் சரின்னு ஆன பிறகுதான் சின்ன உறையைத் தொடணும். இதில் ஒண்ணு தப்பினாலும் சின்ன உறையைப் பிரிக்காமலே, 13ஏ-யோடு சேர்த்துப் பெரிய உறைக்குள் திரும்பப் போட்டு, காரணத்தை எழுதி ஒதுக்கிக் கட்டுவாங்க. அந்த 203-ம் இந்தக் கட்டத்தில் ஒதுங்கியவைதான். உள்ளே யாருக்குப் போட்டிருக்குன்னு அங்கே இருந்த ஒருத்தருக்கும் தெரியாது.

சின்ன உறையைப் பிரிச்ச பிறகு வேற மாதிரிச் சோதனை. ஓட்டே குறிக்கலை, ரெண்டு பேருக்குக் குறிச்சிருக்கு, யாருக்குன்னு சொல்ல முடியாத இடத்தில் குறி, வாக்காளரை அடையாளம் காட்டும் எழுத்து, போலிச் சீட்டு, அடையாளம் தெரியாத அளவு கிழிசல் இருந்தா செல்லாது. குறி இன்ன மாதிரித்தான் இருக்கணும்னு கட்டாயம் இல்லை. சரி அடையாளம், பெருக்கல் குறி எதுவானாலும் ஒரு வேட்பாளருக்குன்னு தெளிவா இருந்தாச் செல்லும். "ஏன் டிக் அடிச்சிருக்கு, தள்ளு"ன்னு எதிர்த்தரப்பு சொன்னா அங்கேயே மறுக்கணும்.

காலை 8 மணிக்கு எண்ணிக்கை தொடங்குது. அந்த நேரத்துக்கு அப்புறம் வந்து சேர்ந்த தபால் உறையைப் பிரிக்கவே கூடாது.

களக்காடு மலையடி
வாத்தியாரய்யா, ஒரு சந்தேகம். சான்றொப்பம் போட்ட அதிகாரி கையெழுத்து, பேரு, பதவி எல்லாம் எழுதியிருக்கார், ரப்பர் முத்திரை மட்டும் குத்தலைன்னா தள்ளிரலாமா?

வள்ளியூர் வாத்தியார்
தள்ளக் கூடாது தம்பி. பேரும் பதவியும் முழுசா எழுதியிருந்தா முத்திரை இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக ஒதுக்கக் கூடாதுன்னு தேர்தல் ஆணையத்தின் அறிவுரை இருக்கு. அதே மாதிரி பெரிய உறையின் வெளியே வாக்காளர் கையெழுத்துப் போடலைன்னாலும், 13ஏ-யை வைத்து ஆளைத் தெரிஞ்சுக்கிட முடிஞ்சா அது செல்லும். இந்த ரெண்டிலும்தான் நிறைய உறை வீணாப் போகுது. தேர்தல் நடத்தும் அலுவலருக்கான கையேட்டில் தபால் ஓட்டு அத்தியாயத்தை அச்செடுத்துக் கையில் வச்சுக்கோங்க. வாய்ப்பேச்சை விட அந்தப் பக்கத்தைக் காட்டினா காரியம் நடக்கும்.

2016-க்கும் இப்போதைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அப்போ பணியிலுள்ள ஊழியர் சீட்டை வாங்கிட்டுப் போய், பக்கத்தில் கிடைத்த அதிகாரியிடம் கையெழுத்து வாங்கித் தபாலில் போடலாம். கிராமத்தில் ஒரு ஆசிரியருக்குப் பக்கத்தில் கிடைக்கிற அதிகாரி யாரு? அவரோட தலைமையாசிரியர்தான். 2023-ல் விதியை மாத்தினாங்க. பணியிலுள்ளவர் வசதி மையத்திலேயே சீட்டை வாங்கி, அங்கேயே குறித்து, அங்கேயே பெட்டியில் போட்டாகணும். சான்றொப்ப அதிகாரியும் அங்கேயே இருப்பார். அதனால இந்த வகைத் தப்பு குறையும், ஆனா எண் மாறிப் போறதும் 13ஏ-யைச் சின்ன உறைக்குள் வச்சு ஒட்டிடுறதும் குறையாது.

தாமிரபரணித் தண்ணி
203 செல்லாத ஓட்டு, 49 வித்தியாசம். இதை வச்சு "எப்படியும் முடிவு மாறியிருக்கும்"னு ஒரு கூட்டம், "மாறியே இருக்காது"ன்னு ஒரு கூட்டம். கணக்குப் போட்டுப் பாருங்க. 203-ம் செல்லுபடியாகி, எல்லாமே இந்த ரெண்டு பேருக்குள்ளேயே பிரிஞ்சதுன்னு வைங்க. 126-க்கு 77-ன்னா வித்தியாசம் சரியா 49, ரெண்டு பேரும் சமம். முடிவு மாற 127 வேணும். அதாவது நூத்துக்கு அறுபத்திரண்டரைக்கு மேலே ஒரே பக்கம் விழணும். மத்த வேட்பாளருக்கும் நோட்டாவுக்கும் கொஞ்சம் போச்சுன்னா தேவையான எண்ணிக்கையும் அதுக்கேத்த மாதிரி இறங்கும். சாத்தியம் இருந்துது, நிச்சயம் இல்லை. உள்ளே என்ன இருக்குன்னு பிரிச்சாத்தான் தெரியும், அதனாலதான் மறு எண்ணிக்கை கேட்டாங்க.

இப்போ இதுக்கு அறுதியான அறிவுரை இருக்கு. வெற்றி வித்தியாசத்தை விடச் செல்லாத தபால் ஓட்டு அதிகமா இருந்தா, முடிவை அறிவிக்கிறதுக்கு முன்னாடி ஒதுக்கின அத்தனை உறையையும் தேர்தல் நடத்தும் அலுவலர் மறுபடி சரிபார்த்தே ஆகணும். வீடியோ பதிவும் உண்டு. முகவர்கள் தபால் மேசையிலிருந்து ஒரே ஒரு எண்ணைத் தவறாம எழுதி வாங்கிக்கிடணும், செல்லாது என்று ஒதுக்கினது மொத்தம் எத்தனை. அது கையில் இல்லாம கடைசிச் சுற்றுல யாரும் பேச முடியாது.

பாளை குமாஸ்தா
சரியான கணக்கு. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பரில் ஆணையம் ஒரு மாற்றம் அறிவித்தது. தபால் ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் இயந்திர ஓட்டின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்க வேண்டும். எல்லாச் சுற்றும் முடிந்து மக்கள் வித்தியாசத்தைப் பார்த்துக் கொதித்துக்கொண்டிருக்கும்போது தபால் உறையைப் பிரிக்கும் நிலை இனி வராது.

கூடங்குளம் கரை
இயந்திர மேசையைப் பத்தி யாரும் சொல்லலையே வே. அதுதான் பையங்க உட்காரப் போற இடம்.

வழக்கமா 14 மேசை. ஒரு சுற்றுக்கு 14 வாக்குச்சாவடி. கட்டுப்பாட்டுக் கருவி மட்டும்தான் மேசைக்கு வரும், கூடவே படிவம் 17சி, அதாவது அந்தச் சாவடியில பதிவான ஓட்டோட கணக்குத் தாள். ஓட்டுப்பதிவு முடிஞ்ச சாயங்காலம் தலைமை அலுவலர் ஒவ்வொரு வாக்குச்சாவடி முகவருக்கும் 17சி நகல் கொடுக்கணும். அந்த நகல் வீட்டுப் பரணுல கிடந்தா பிரயோசனம் இல்லை. அன்னைக்கு ராத்திரியே எல்லாத்தையும் ஒரு இடத்துல சேர்த்து, சுற்றுவாரியா, மேசைவாரியா அடுக்கி, ஒவ்வொரு மேசை முகவருக்கும் அவருக்கு வரப்போற சாவடிகளின் நகலை ஒரு கட்டாக் கொடுங்க. சாவடி எண்ணிக்கையை 14-ஆல் வகுத்தாப் போதும், எந்தச் சாவடி எந்த மேசைக்கு வரும்னு முன்கூட்டியே தெரிஞ்சிரும்.

கருவி மேசைக்கு வந்ததும் பெட்டியின் முத்திரை, கருவியின் எண், முடிவுப் பகுதி மேலே ஒட்டின தாள் முத்திரையின் எண், மூணையும் கையிலுள்ள 17சி-யோட ஒப்பிட்டுப் பாருங்க. அப்புறம் முடிவுப் பொத்தானை அமுக்குவாங்க. திரையில் முதல்ல மொத்த ஓட்டு வரும். அது 17சி மொத்தத்தோட பொருந்தணும். அப்புறம் ஒவ்வொரு வேட்பாளரா ஓடும், வரிசை எண்ணும் ஓட்டும் மாறி மாறி வரும். ஒருத்தர் வாசிக்கணும், ஒருத்தர் எழுதணும்னு பழகாதீங்க, உட்கார்ந்திருக்கவர் தானே பார்த்துத் தானே எழுதணும். ஒரு எண் தவறினாலும் மறுபடி அமுக்கச் சொல்லுங்க, அது உங்க உரிமை. எத்தனை தடவை அமுக்கினாலும் கருவியில இருக்கிறது மாறாது.

மொத்தம் பொருந்தலைன்னா பெரும்பாலும் ஒரே காரணந்தான். காலையில மாதிரி ஓட்டுப் போட்டுப் பார்த்துட்டு அழிக்காம விட்டிருப்பாங்க. 17சி-யில 812, திரையில 862-ன்னு வந்தா அந்த 50 மாதிரி ஓட்டுன்னு உடனே சந்தேகப்படணும். அந்தக் கருவியைத் தனியா வச்சிருவாங்க. கடைசியில வித்தியாசம் அப்படி ஒதுக்கின கருவிகளோட மொத்த ஓட்டை விடக் குறைவா இருந்தா, அந்தச் சாவடியின் விவிபாட் காகிதச் சீட்டை எண்ணுவாங்க. அதிகமா இருந்தா தொடமாட்டாங்க. எத்தனை கருவி ஒதுங்கிச்சு, அதுல மொத்தம் எத்தனை ஓட்டு, இது ரெண்டும் தலைமை முகவர் நோட்டுல இருந்தாகணும்.

சுற்று முடிவில எழுதின தாளில் கையெழுத்து கேட்பாங்க. உங்க எண்ணும் அவங்க எண்ணும் ஒத்துப்போனா மட்டும் போடுங்க. ராதாபுரத்துல நீதிமன்றம் குறிப்பா 19, 20, 21-ன்னு சுற்று எண் சொல்லி எண்ணச் சொல்லுச்சு. மேசை, சுற்று, சாவடின்னு எழுதி வச்சவங்கதான் அப்படிக் குறிப்பாக் கேட்க முடியும்.

களக்காடு மலையடி
மறு எண்ணிக்கைன்னு கோர்ட்டுக்குப் போய் என்ன பிரயோசனம்? தென்காசியில கடைசியில மாறலையே.

பாளை குமாஸ்தா
தென்காசியைச் சரியாகச் சொல்லுங்கள். 2016-ல் அதிமுகவின் செல்வமோகன்தாஸ் பாண்டியன் காங்கிரசின் பழனி நாடாரை 462 ஓட்டில் வென்றார். 2021-ல் அதே இருவர், பழனி நாடார் 370 ஓட்டில் வென்றார். தோற்றவர் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் தபால் ஓட்டை மட்டும் மறுபடி எண்ணச் சொன்னது. 2023 ஜூலையில் தென்காசியிலேயே எண்ணினார்கள், பழனி நாடாரின் வெற்றி நின்றது. மாறவில்லை என்பதற்காக எண்ணியது வீண் ஆகாது. தோற்றவருக்கும் ஓட்டுப் போட்டவருக்கும் சந்தேகம் தீர்ந்தது அல்லவா?

அதோடு 2016-ஐ ஒன்றாக வைத்துப் பாருங்கள். ராதாபுரம் 49, கோவில்பட்டி 428, தென்காசி 462, திருநெல்வேலி 601. பழைய நெல்லைச் சீமையில் ஒரே தேர்தலில் நான்கு தொகுதி இப்படி. இந்த ஊரில் முகவர் வேலையைச் சும்மா சாப்பாட்டுக்கு உட்காரும் வேலை என்று நினைப்பது பெரிய தப்பு.

தேர்தல் மனு போடுவதானால் முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள், அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது. வேட்பாளர் போடலாம், அந்தத் தொகுதி வாக்காளர் யாரும் போடலாம். உயர் நீதிமன்றத்தில் 2,000 ரூபாய் காப்புத்தொகை கட்டணும். ஒவ்வொரு நகலிலும் "உண்மை நகல்" என்று மனுதாரரே கையெழுத்திடணும். முறைகேடு என்று குற்றம் சாட்டினால் படிவம் 25-ல் தனிப் பிரமாணப் பத்திரம். வெற்றி பெற்றவரை மட்டும் ரத்துச் செய்யக் கேட்டால் ஒரு மாதிரி, "என்னைத் தேர்ந்தெடுக்கப்பட்டவராக அறிவியுங்கள்" என்றும் கேட்டால் போட்டியிட்ட அத்தனை பேரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கணும். ஒருத்தர் விட்டுப்போனாலும் மனு விசாரணைக்கே வராமல் தள்ளுபடி. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில், 30 நாளுக்குள்.

மறு எண்ணிக்கையை நீதிமன்றம் கேட்டவுடன் தராது. ஓட்டின் ரகசியம் அதற்குத் தடை. "எண்ணிக்கையில் குளறுபடி நடந்ததாக நம்புகிறேன்" என்று எழுதினால் அங்கேயே முடிந்தது. எத்தனை உறை, எந்தக் காரணத்துக்காக, யார் எப்போது ஆட்சேபித்தார், அலுவலர் என்ன பதில் சொன்னார் என்று எழுதணும். ராதாபுரம் மனு நின்றதே 203 என்ற எண்ணும், தலைமையாசிரியர் கையெழுத்து என்ற ஒற்றைக் காரணமும் திட்டவட்டமாக இருந்ததால்தான்.

நம்பியாற்றுக்கரை
அப்போ மண்டபத்துலேயே கேட்கிற மறு எண்ணிக்கை? அது எப்போ கேட்கணும், எப்படி எழுதணும்?

பாளை குமாஸ்தா
விதி 63. எல்லாச் சுற்றும் தபாலும் முடிந்து படிவம் 20-ல் மொத்தம் போட்டு அலுவலர் வாசிப்பார். அதன்பின் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கணும். அந்த இடைவெளிதான் உங்கள் நேரம். வேட்பாளரோ, தலைமை முகவரோ, அவர் இல்லாவிட்டால் எண்ணிக்கை முகவரோ எழுத்தில் கொடுக்கணும். அலுவலர் படிவம் 21சி-யில் கையெழுத்துப் போட்டு முடிவை அறிவித்துவிட்டால் அவரால் இனி எதுவும் செய்ய முடியாது, அப்புறம் உயர் நீதிமன்றம்தான். கத்திக் கூச்சல் போட்டுவிட்டு எழுதிக் கொடுக்காமல் வெளியே வந்தவர்கள் கதை எத்தனையோ.

செல்போன் உள்ளே விடமாட்டார்கள், அதனால் முன்னாலேயே இரண்டு வெள்ளைத்தாளில் எழுதி எண் போடும் இடத்தை மட்டும் காலியாக வையுங்கள். வாசகம் இந்த அளவு போதும்:

"228, ராதாபுரம் சட்டமன்றத் தொகுதி. 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகள், விதி 63-ன்படி மறு எண்ணிக்கை கோருகிறேன். வெற்றி வித்தியாசம் ___. செல்லாதென ஒதுக்கிய தபால் வாக்குகள் ___. அவற்றில் ___ உறைகள் ___ என்ற காரணத்துக்காக ஒதுக்கப்பட்டன, அது விதிக்கு முரண். மேலும் ___ சுற்று ___ மேசையில் 17சி மொத்தமும் கருவி மொத்தமும் பொருந்தவில்லை. மேற்கண்டவற்றை மறுபடி எண்ண வேண்டுகிறேன். நேரம் ___."

நேரம் எழுத மறக்காதீர்கள். இரண்டு பிரதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். அலுவலர் ஏற்கலாம், ஒரு பகுதியை மட்டும் ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதியணும். அந்தத் தாள்தான் நாளைக்கு மனுவின் முதல் ஆவணம்.

திசையன்விளைக்காரன்
நடுவில் ஒரு செய்தி. பேரவைத் தலைவர் நாற்காலிக்கும் நம்ம சீமைக்கும் பழைய உறவு. 1962 முதல் 67 வரை செல்லபாண்டியன், வண்ணாரப்பேட்டையில் சிலையாக நிற்கிறாரே அவர்தான். அடுத்து ஸ்ரீவைகுண்டத்தில் ஜெயித்த சி.பா. ஆதித்தனார். 1985-ல் சேரன்மகாதேவியின் பி.எச். பாண்டியன், 2006-ல் அம்பாசமுத்திரத்தின் ஆவுடையப்பன், 2021-ல் அப்பாவு. சேரன்மகாதேவித் தொகுதியே 2008 மறுசீரமைப்பில் இல்லாமல் போய்விட்டது.

பேரவைத் தலைவர் சாதாரண வாக்கெடுப்பில் ஓட்டுப் போடமாட்டார். இரண்டு பக்கமும் சமமானால் மட்டும் அவர் ஓட்டு விழும். அரசியல் சட்டம் 189. ஒரு ஓட்டின் எடை அந்த நாற்காலியில் இருப்பவருக்குத்தான் நல்லாத் தெரியும்.

களக்காடு மலையடி
கடைசியா ஒண்ணு அண்ணாச்சி. எங்க ஊர் பஞ்சாயத்துல சம்பளம் வாங்குற பையன் ஒருத்தன் நல்ல கணக்குக்காரன். அவனை முகவராப் போடலாமா?

கூடங்குளம் கரை
போடாதீங்க. அரசு ஊழியர் முகவரா உட்கார்ந்தா அதே 1951 சட்டத்தோட 134ஏ பிரிவுல மூணு மாசம் வரை சிறைத் தண்டனை இருக்கு. பஞ்சாயத்துச் சம்பளம் அதுல வருமா வராதான்னு அந்த மண்டபத்துல வாதாடிக்கிட்டு இருக்க வேண்டாம், வேற ஆளைப் பாருங்க. படிவம் 18-ல பேரும் போட்டோவும் எண்ணிக்கைக்கு மூணு நாள் முன்னாடி சாயங்காலம் 5 மணிக்குள்ள கொடுக்கணும். மேசைக்கு ஒருத்தர், தேர்தல் நடத்தும் அலுவலர் மேசைக்கு ஒருத்தர். தபால் எண்ணுற மேசைக்குத் தனியா ஆள் கேட்டு வாங்குங்க. அங்கே உங்ககிட்ட இருக்கதுலேயே பொறுமையான ஆளை உட்கார வைங்க.

வள்ளியூர் வாத்தியார்
கண்ணாடி போடுறவரா இருந்தா கண்ணாடியையும் கொண்டு போகச் சொல்லுங்க. 13ஏ-யில வரிசை எண்ணைச் சின்ன எழுத்துலதான் எழுதியிருப்பாங்க. 3-ம் 8-ம் ஒண்ணு போலத் தெரியும்.

நம்பியாற்றுக்கரை
எல்லாருக்கும் நன்றி. விதி 63 தாளை ரெண்டு பிரதியாத் தட்டச்சு பண்ணிட்டேன். 17சி நகலைச் சுற்றுவாரியா அடுக்குற வேலையை ஞாயித்துக்கிழமை பையங்களுக்குச் செஞ்சு காட்டணும்.